கொடி, அரசி, அமைச்சரவை எல்லாம் இருக்கிறது, நாடு மட்டும் இல்லை: லடோனியாவை வைத்து ஒரு எளிய விளக்கம்

தெற்கு ஸ்வீடனில் குல்லாபெர்க் என்று ஒரு மலைமுனை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் அடிவாரத்தில் பாறையும் அலையுமாகக் கிடக்கிற ஏறக்குறைய ஒரு சதுர கிலோமீட்டர் இடத்துக்கு லடோனியா என்று பெயர். முழுப் பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும்: லடோனிய அரச குடியரசு. அரசியும் உண்டு, ஜனாதிபதியும் உண்டு, அமைச்சரவையும் உண்டு, அமைச்சர்கள் இணையத்திலேயே பேசி இணையத்திலேயே ஓட்டுப் போடுகிறார்கள். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் குடிமக்கள் இருக்கிறார்கள், ஆனால் அங்கே குடியிருப்பவர் என்று ஒருவர்கூடக் கிடையாது.

இது மாதிரி யாரோ ஒருவர் "இன்றிலிருந்து இது தனி நாடு" என்று தானாகவே அறிவித்துவிட்ட இடங்களை மைக்ரோநேஷன் என்கிறார்கள். வாடிகன், மொனாக்கோ, நவுரு போன்றவற்றோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவை அளவில் சின்னவை என்றாலும் முழு நாடுகள்தான், தூதரகம் இருக்கிறது, ஒப்பந்தம் போடுகின்றன. மைக்ரோநேஷனில் நாட்டுக்கு உண்டான அலங்காரம் அத்தனையும் இருக்கும், வேறு எந்த நாடும் அதை நாடு என்று கணக்கில் எடுத்துக்கொள்ளாது, அவ்வளவுதான். நித்யானந்தா 2019இல் கைலாசா அறிவித்ததிலிருந்து நம் ஊரில் இந்த விஷயம் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது என்பதால், "ஒரு நாடு எப்படி நாடாகிறது" என்ற கேள்வியைப் பள்ளிக்கூடத்துக் குடிமையியல் பாடத்தைவிடக் கொஞ்சம் சுவாரசியமாகப் பார்க்கலாம் என்று தோன்றியது. அதற்கு லடோனியாதான் சரியான ஆள்.

கதை 1980இல் தொடங்குகிறது. லார்ஸ் வில்க்ஸ் என்ற ஸ்வீடன் கலைஞர் அந்தக் கரையில் ஒதுங்கிய மரக்கட்டைகளைப் பொறுக்கி ஆணியடித்துக் கோபுரம், சுரங்கப்பாதை என்று ஒரு பெரிய சிற்பத்தைக் கட்ட ஆரம்பித்தார். அதற்கு நிமிஸ் என்று பெயர். மேலேயிருந்து பார்த்தால் தெரியாத, படகில் வந்தால் மட்டுமே கண்ணில் படுகிற மூலை அது, அதனால் இரண்டு வருஷம் கழித்துத்தான் அதிகாரிகளுக்கே விஷயம் தெரியவந்தது. இடமோ பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி. அனுமதியில்லாமல் கட்டடம் கட்டியிருக்கிறாய், பிரித்துப் போடு என்றார்கள். இது கட்டடமே இல்லை, சிற்பம் என்றார் இவர். வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. நடுவில் நிமிஸை ஜோசப் பாய்ஸ் என்ற பெயர் பெற்ற ஜெர்மன் கலைஞர் விலைக்கு வாங்கினார், 1986இல் அவர் இறந்தபின் அது கிறிஸ்டோ என்ற இன்னொரு பெரிய கலைஞர் கைக்குப் போனது. வில்க்ஸ் சும்மா இருக்கவில்லை, பக்கத்திலேயே கல்லும் சிமெண்டுமாக ஆர்க்ஸ் என்று இன்னொன்றையும் கட்டினார். கடைசியில் 1996 ஜூன் 2 அன்று, "இந்த இடம் ஸ்வீடனே இல்லை, லடோனியா" என்று அறிவித்துவிட்டார்கள். கோர்ட்டுக்குப் போய் அலுத்துப்போன ஒரு ஆள் சட்டத்தையே கேலி செய்த கதை என்று நான் இதைப் படிக்கிறேன்.

கேலி நன்றாகவே செய்தார்கள். கொடி முழுப் பச்சை, அதற்குள் உற்றுப் பார்த்தால் தெரிகிற அளவுக்குப் பச்சையிலேயே ஒரு சிலுவை. ஸ்வீடன் கொடியின் நீலத்தையும் மஞ்சளையும் வேகவைத்தால் இந்தப் பச்சைதான் வரும் என்று விளக்கம். தேசிய கீதத்தோடு தண்ணீரில் கல்லை எறிகிற சத்தமும் சேரும். வரியாகப் பணம் வாங்குவதில்லை, குடிமக்கள் தங்கள் படைப்புத் திறனில் கொஞ்சம் கொடுத்தால் போதும். குடியுரிமை இலவசம், பெயருக்கு முன்னால் பிரபு பட்டம் வேண்டுமென்றால் மட்டும் சின்னதாக ஒரு கட்டணம்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது எட்டு சென்டிமீட்டர் சமாச்சாரம். 1999இல் வில்க்ஸ் அங்கே ஒம்பலோஸ் என்று மூன்றாவதாக ஒரு கல்சிற்பத்தை நிறுத்தினார், ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் அதிக உயரம், ஒரு டன் எடை. கோர்ட் அகற்றச் சொல்லிவிட்டது. 2001 டிசம்பரில் கிரேன் வைத்த படகைக் கொண்டுவந்து தூக்கிக்கொண்டு போனார்கள், அதற்கான செலவும் வில்க்ஸ் தலையில்தான். அவர் உடனே ஸ்வீடன் அரசு அலுவலகத்திலேயே மனுப் போட்டார்: சிற்பம் இருந்த இடத்தில் ஒரு நினைவுச்சின்னம் வைத்துக்கொள்ளலாமா? எட்டு சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று அனுமதி வந்தது. சொன்னபடியே எட்டு சென்டிமீட்டரில் ஒன்றைச் செய்து 2002 பிப்ரவரியில் திறப்பு விழாவும் நடத்தினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தனி நாடு என்று அறிவித்து ஆறு வருஷம் கழித்தும், நினைவுச்சின்னம் வைக்க அவர் மனுப் போட்டது ஸ்வீடன் அரசு அலுவலகத்தில்தான். கொடி யாருடையதாக இருந்தாலும் கிரேன் யாருடையது என்பதைப் பார்த்தால் அங்கே யாருடைய அரசாங்கம் நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

(வில்க்ஸ் பிறகு வேறு காரணத்துக்காக உலகம் முழுக்கப் பேசப்பட்டார். 2007இல் அவர் வரைந்த படங்கள் முஸ்லிம்களைக் கடுமையாகப் புண்படுத்தின, கொலை மிரட்டல் வந்தது, அதன்பின் போலீஸ் பாதுகாப்பிலேயே வாழ்ந்தார், 2021 அக்டோபரில் போலீஸ் காரில் போகும்போது லாரி மோதி அவரும் இரண்டு காவலர்களும் இறந்துபோனார்கள். அது தனிக் கதை, இங்கே அதற்குள் போகவில்லை.)

சரி, விளையாட்டு இருக்கட்டும். சட்டம் என்ன சொல்கிறது?

உருகுவே நாட்டுத் தலைநகர் மொண்டேவிடியோவில் 1933இல் அமெரிக்கக் கண்டத்து நாடுகள் கூடி ஒரு உடன்படிக்கை போட்டன. நாடு என்றால் நான்கு வேண்டும் என்று அதில் இருக்கிறது: நிலையாக வாழும் மக்கள், வரையறுத்த நிலம், ஒரு அரசாங்கம், மற்ற நாடுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் திறன். இன்றைக்கும் எல்லோரும் எடுத்துக்காட்டுகிற அளவுகோல் இதுதான். லடோனியாவை இதில் வைத்துப் பார்த்தால் முதல் வரியிலேயே விழுந்துவிடும், அங்கே குடியிருக்க ஆளே இல்லை. நிலமும் ஸ்வீடனுடையது.

இங்கிலாந்துக்குப் பக்கத்தில் சீலாந்து என்று ஒன்று இருக்கிறது, அது இன்னும் கெட்டிக்காரத்தனமான முயற்சி. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் கடலுக்குள் தூண் நிறுத்திக் கட்டிய ஒரு பீரங்கி மேடையை, ராய் பேட்ஸ் என்ற முன்னாள் ராணுவ மேஜர் 1967இல் பிடித்துக்கொண்டு அதை ஒரு சிற்றரசு என்று அறிவித்தார். அப்போது பிரிட்டனின் கடல் எல்லை 3 கடல் மைல்தான், மேடை அதற்கு வெளியே இருந்தது. 1968இல் துப்பாக்கிச் சூடு வழக்கு ஒன்றில், சம்பவம் நடந்த இடம் எங்கள் அதிகாரத்துக்கு வெளியே என்று பிரிட்டிஷ் கோர்ட்டே சொல்லிவிட்டது. 1978இல் உள்ளுக்குள் ஒரு ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி வேறு நடந்து, அதில் பிடிபட்ட ஜெர்மன்காரரை விடுவிக்க மேற்கு ஜெர்மனி ஒரு தூதரக அதிகாரியை அனுப்ப, "பார்த்தீர்களா, எங்களிடம் தூதர் அனுப்பிவிட்டார்கள், அங்கீகாரம் கிடைத்துவிட்டது" என்று இவர்கள் சொல்லிக்கொண்டார்கள். மேற்கு ஜெர்மனி அப்படிச் சொல்லவில்லை. 1987இல் பிரிட்டன் தன் கடல் எல்லையை 12 கடல் மைலாக நீட்டியது, மேடை உள்ளே வந்துவிட்டது. அதற்கு முன்பே 1982இன் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில், மனிதன் கடலில் கட்டிய மேடை எதுவும் தீவாகாது, அதற்கென்று தனிக் கடல் எல்லையும் கிடையாது என்று எழுதியாகிவிட்டது.

அப்படியானால் அந்த நான்கும் இருந்தால் நாடாகிவிடுமா? இங்கேதான் சட்டம் படித்தவர்களே இரண்டு கட்சி. நான்கும் இருந்தால் நாடுதான், மற்றவர்கள் ஒப்புக்கொண்டாலும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் என்பது ஒன்று, மொண்டேவிடியோ உடன்படிக்கையே இதைத்தான் சொல்கிறது. மற்ற நாடுகள் ஒப்புக்கொள்ளும்போதுதான் நாடு பிறக்கிறது என்பது இன்னொன்று. புத்தகத்தில் முதல் கட்சிக்குப் பலம் அதிகம். ஆனால் விமான நிலையக் கவுண்டரில் நிற்கும்போது ஜெயிப்பது இரண்டாவது கட்சிதான் என்பது என் அபிப்பிராயம். தைவானையே பாருங்கள், மக்கள், நிலம், தேர்தல், ராணுவம், பணம், உலகமே நம்பியிருக்கிற சிப் தொழிற்சாலைகள் எல்லாம் இருக்கிறது, ஆனால் 1971இல் ஐ.நா. இடம் சீன மக்கள் குடியரசுக்குப் போனபின் குறைந்துகொண்டே வந்து, இன்று முறையாக அங்கீகரிக்கும் நாடுகள் சுமார் ஒரு டஜன்தான்.

நம்ம கடற்கரை ஊர்களில் தலைக்கட்டு என்று ஒரு கணக்கு இருக்கிறது இல்லையா, அதை வைத்துச் சொன்னால் சட்டென்று பிடிபடும். ஒருவர் ஊருக்குள் இடம் வாங்கி, மாடி வீடு கட்டி, பத்து வருஷம் குடியிருக்கலாம். ஆனால் திருவிழாவுக்கு ஊர் கூடி வரி போடும்போது அவர் கையிலிருந்து வரியை வாங்கினால்தான் அவர் அந்த ஊரில் ஒரு தலைக்கட்டு. அவராகவே போய்ப் பணத்தை நீட்டினாலும், ஊர் கை நீட்டி வாங்க வேண்டும். நாடுகளின் சபையும் கிட்டத்தட்ட இப்படித்தான் நடக்கிறது.

ஏமாந்து வாங்கிவிட்டால் திருப்பிக் கொடுப்பதும் உண்டு. 2023 ஜனவரியில் அமெரிக்காவின் நியூவார்க் நகரம் கைலாசாவோடு சகோதர நகர ஒப்பந்தம் போட்டது, மேடை போட்டு, கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்து. அப்படி ஒரு நாடே இல்லை என்று தெரிந்ததும் சில நாளில் ரத்து செய்துவிட்டார்கள். பிப்ரவரியில் ஜெனீவாவில் ஐ.நா. குழுக் கூட்டத்தில் கைலாசா பிரதிநிதி பேசிய வீடியோ நம் போன்களில் எல்லாம் சுற்றியது. அது யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொண்டு கலந்துகொள்ளக்கூடிய பொதுக் கூட்டம், அவர்கள் சொன்னதைக் கணக்கில் எடுக்கப்போவதில்லை என்று ஐ.நா. தரப்பிலேயே சொல்லிவிட்டார்கள். ஐ.நா. கட்டடத்துக்குள் மைக் முன்னால் உட்கார்வதும் ஐ.நா.வில் உறுப்பினர் ஆவதும் வேறு வேறு.

இப்போது இதற்கு நேர் எதிரான ஒரு வடக்குக் குடியரசைப் பார்க்கலாம், இது நிஜம். பால்டிக் கடலோரத்து எஸ்டோனியா 1918 பிப்ரவரி 24 அன்று தன்னைக் குடியரசு என்று அறிவித்தது, போர் நடத்தி நிலைத்தும் நின்றது. 1940இல் சோவியத் யூனியன் உள்ளே வந்து அதைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. நிலம் போயிற்று, அரசாங்கம் போயிற்று. ஆனால் அமெரிக்கா அந்த இணைப்பை ஒப்புக்கொள்ள மாட்டோம் என்று அந்த ஜூலையிலேயே அறிவித்துவிட்டது. அதனால் நியூயார்க்கில் இருந்த எஸ்டோனியத் துணைத் தூதரகம் மூடப்படவே இல்லை. அங்கே எர்ன்ஸ்ட் யாக்சன் என்ற அதிகாரி இளைஞராக வேலைக்கு வந்தவர், 1965இல் அதன் பொறுப்பையே ஏற்றார், நாடு என்று காட்ட ஒரு சாண் நிலம் கையில் இல்லாமல் எஸ்டோனியர்களுக்குப் பாஸ்போர்ட் கொடுத்துக்கொண்டே இருந்தார், அது செல்லவும் செய்தது. 1991இல் எஸ்டோனியா மறுபடி விடுதலையானபோது அதே மனிதர்தான் அமெரிக்காவுக்கும் ஐ.நா.வுக்கும் தூதரானார். லடோனியாவுக்கு நின்று காட்ட இடம் இருக்கிறது, பாஸ்போர்ட்டுக்கு மதிப்பில்லை. எஸ்டோனியாவுக்கு ஐம்பது வருஷம் இடம் கையில் இல்லை, பாஸ்போர்ட்டுக்கு மதிப்பு இருந்தது. ஒப்புக்கொள்வது யார் என்பதுதான் வித்தியாசம்.

இதைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தபோது, குரூப் தேர்வுக்குப் படிக்கிற என் அக்கா மகன், "மாமா, கச்சத்தீவிலும்தான் யாரும் குடியில்லை, நாம போய் கொடி நட்டா?" என்று கேட்டான். கேலிக்குக் கேட்டாலும் நல்ல கேள்வி. ஆள் இல்லாத இடம் வேறு, யாருக்கும் சொந்தமில்லாத இடம் வேறு. கச்சத்தீவு 285 ஏக்கர், குடிக்கத் தண்ணீர் கிடையாது, அந்தோணியார் கோயில் திருவிழாவைத் தவிர்த்தால் ஜனம் கிடையாது. ஆனாலும் அதற்கு ஒரு நீண்ட காகித வரலாறு இருக்கிறது. ஒரு காலத்தில் சேதுபதிகளின் ராமநாதபுரத்துக் கணக்கில் இருந்தது. அந்த ராமநாதபுரமே முதலில் தனி அரசாக இருந்து, 1795இல் கிழக்கிந்தியக் கம்பெனி சேதுபதியைப் பதவியிறக்கி, 1803இல் ஜமீனாக ஆகி, சுதந்திரத்துக்குப் பிறகு ஜமீன் ஒழிப்பில் கரைந்தது. அதே அரண்மனை, அதே குடும்பம், ஆனால் எதிரில் இருப்பவர் உன்னை என்னவாக நடத்துகிறார் என்பதைப் பொறுத்து அரசர், ஜமீன்தார், சாதாரணக் குடிமகன் என்று மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1974 ஒப்பந்தத்தில் இந்தியாவும் இலங்கையும் போட்ட எல்லைக்கோடு கச்சத்தீவுக்கு மேற்கே ஒரு மைல் தள்ளிப் போனது, தீவு அந்தப் பக்கம் போய்விட்டது. அது சரியா தப்பா என்று இங்கே யாரைக் கேட்டாலும் ஒரு மணி நேரம் பேசுவார்கள், பேச வேண்டிய விஷயமும்தான். நம் கேள்விக்கு வேண்டியது இவ்வளவுதான்: அந்தக் கோடு இரண்டு நாடுகள் ஒப்புக்கொண்ட கோடு.

கடலுக்குப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. டோக்கன் வாங்கி ராமேஸ்வரத்திலிருந்து கிளம்புகிற விசைப்படகுக்கு முன்னால் கோடு என்று எதுவும் தெரியாது, கொடி கிடையாது, தூண் கிடையாது, இந்தப் பக்கத்துத் தண்ணீரும் அந்தப் பக்கத்துத் தண்ணீரும் ஒரே நிறம். ஜி.பி.எஸ். திரையில் ஒரு கோடு, அவ்வளவுதான். தாண்டினால் படகு போய்விடும், ஆள் யாழ்ப்பாணத்துச் சிறையில் இருப்பான், வீட்டில் இருக்கிறவர்கள் மாதக்கணக்கில் ஒவ்வொரு ஆபீஸாக ஏறி இறங்க வேண்டும். லடோனியாவில் கண்ணுக்குத் தெரிகிற அத்தனை அடையாளமும் இருந்து எந்தப் பலனும் இல்லை, இங்கே கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத கோட்டுக்கு இத்தனை பலம்.

கொடி நடுகிற ஆசை உள்ளவர்களுக்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மண்டபத்துக்கு எதிரே தெரிகிற குருசடை, பூமரிச்சான், மனோலி, முயல் தீவு எல்லாம் பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை நீள்கிற 21 தீவுகளில் சேர்ந்தவை, 1986இலிருந்து மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் கால் வைத்தாலே வனத்துறை பிடிக்கும், சுதந்திரப் பிரகடனம் எல்லாம் அப்புறம்தான்.

ஆனால் இந்த விளையாட்டில் சிரிக்க முடியாத ஒரு இடமும் இருக்கிறது. 2002இல் லடோனியாவின் இணையதளத்தைப் பார்த்த பாகிஸ்தான்காரர்கள் ஆயிரக்கணக்கில் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார்கள், ஐரோப்பாவில் ஒரு நாடு இலவசமாகக் குடியுரிமை தருகிறது, போனால் வேலை கிடைக்கும் என்று நம்பி. இங்கே குடியிருக்கவே முடியாது, வேலையும் கிடையாது என்று லடோனியா விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. பிழைப்புக்கு வெளிநாட்டை நம்பியிருக்கிற தொண்டி, கீழக்கரை, தேவிபட்டினம் பக்கத்து ஆட்களுக்கு அந்த விண்ணப்பங்களைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றாது. விசா என்று ஒரு தாளைக் காட்டினால் அதைக் கொடுத்தது யார், அந்த நாட்டுக்கு டெல்லியிலோ சென்னையிலோ தூதரகம் இருக்கிறதா, ஐ.நா. உறுப்பு நாடுகள் 193இல் அது இருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிஷ வேலை. பட்டியலில் இல்லாத நாடு எல்லாம் பொய் என்று அர்த்தமில்லை, தைவானை இப்போதுதான் பார்த்தோம், ஆனால் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் நாலு பேரிடம் விசாரிக்க அது போதுமான காரணம்.

இன்னொரு பக்கமும் உண்டு: நிஜமான நாடுகள் இரண்டு இருந்து, இரண்டுமே "நீ எங்கள் ஆள் இல்லை" என்று சொல்லிவிட்டால்? 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தோட்டங்களில் தலைமுறையாக உழைத்த தமிழர்கள் லட்சக்கணக்கில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிரிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பேசிக்கொள்வது என்று பிரித்தார்கள். அப்படி இந்தப் பக்கம் அனுப்பப்பட்டவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு நீலகிரிக்கும் மற்ற இடங்களுக்கும் பிரிந்து போனார்கள். தேயிலைக் கொழுந்து கிள்ளத் தெரிந்த கைகளும் பேசுகிற தமிழும் மாறவில்லை, எந்த அரசாங்கத்தின் பேரேட்டில் பெயர் இருக்கிறது என்பது மட்டும்தான் மாறியது. லடோனியா ஒரு படிவத்தை நிரப்பினால் கொடுத்துவிடுகிற குடியுரிமைக்கு, இவர்கள் ஒரு ஆயுள் காத்திருந்தார்கள்.

அதற்காக மைக்ரோநேஷன் எல்லாமே வெட்டி வேலை என்று நான் சொல்லமாட்டேன். லித்துவேனியாவின் தலைநகர் வில்னியஸில் உழுபிஸ் என்ற பேட்டை 1997 ஏப்ரல் 1 அன்று தன்னைக் குடியரசு என்று அறிவித்தது, தேதியிலேயே குறும்பு தெரிகிறது. சோவியத் காலத்தில் கவனிப்பாரில்லாமல் பாழடைந்து கிடந்த இடம் அது, கலைஞர்கள் குடியேறி உயிர் கொடுத்தார்கள். அவர்களுடைய அரசியல் சட்டத்தைப் பல மொழிகளில் பொறித்துச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள்: நாய்க்கு நாயாக இருக்க உரிமை உண்டு, பூனை தன்னை வளர்ப்பவரை நேசிக்க வேண்டிய கட்டாயமில்லை, ஆனால் ஆபத்தில் உதவ வேண்டும், சந்தோஷமாக இருக்கவும் உரிமை உண்டு, சந்தோஷமில்லாமல் இருக்கவும் உரிமை உண்டு. வருஷா வருஷம் ஏப்ரல் 1 அன்று பாலத்தில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவார்கள், மற்ற நாளெல்லாம் லித்துவேனியாவுக்கு வரி கட்டிக்கொண்டு நிம்மதியாக இருப்பார்கள். எல்லையை மாற்ற அவர்கள் முயன்றதே இல்லை, ஒரு பேட்டையின் முகத்தை மாற்றினார்கள். நாடாக அது தோல்வி, பேட்டையாகப் பெரிய வெற்றி.

லடோனியாவை நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஹிம்மல்ஸ்டோர்ப் என்ற பழைய பண்ணை வீடு வரை வண்டியில் போகலாம், அங்கிருந்து மரங்களில் மஞ்சள் பெயின்ட்டில் போட்டிருக்கிற அடையாளத்தைப் பார்த்துக் காட்டுக்குள் நடந்து இறங்க வேண்டும். கடைசி இறக்கம் செங்குத்தாக, உருளுகிற கற்களாக இருக்கும், நல்ல செருப்பு முக்கியம். எல்லையில் யாரும் பாஸ்போர்ட் கேட்கமாட்டார்கள். ஆனால் நம் ஊரிலிருந்து அங்கே போய்ச் சேர ஷெங்கன் விசா வேண்டும், அதை லடோனியாவின் அமைச்சரவை தராது, ஸ்வீடன் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும்.